அந்தத் துளை ஏன் சாய்ந்திருக்கிறது என்று கேட்ட பெண்

மேற்கொண்டு என்ன படிக்க வைப்பது என்று கேட்க, சென்ற வாரம் ஒரு தந்தை தன் மகளை என்னிடம் அழைத்துக்கொண்டு வந்தார். டீசல் பம்பும், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் துளைமுனையான நாசிலும் சர்வீஸ் செய்யும் சின்னப் பட்டறை அவருடையது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். இயற்பியலிலும் கணிதத்திலும் நல்ல மதிப்பெண். வந்து உட்கார்ந்ததும் அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்துக் காட்டினார். நகக்கண்களில் எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கறுப்பு. "இது என்னோட போகட்டும் சார்" என்றார்.

பெண்ணின் மாமா ஏற்கெனவே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார். பெயரிலேயே செயற்கை நுண்ணறிவு என்று போட்டிருக்கும் கணினிப் பொறியியல் படிப்பு, ஊரே பேசும் கல்லூரி. கட்டணத்துக்குப் பட்டறை இடத்தை அடமானம் வைக்கலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். (அடமானம் வைக்கச் சொல்பவரின் சொத்து எப்போதும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. என் அனுபவம்.)

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கம்போல ஆறுதல்தான் சொன்னேன். எல்லாப் படிப்பும் நல்ல படிப்புதான், நிதானமாக யோசிக்கலாம் என்று. அப்புறம் அவர் ஒரு புகார் சொன்னார். "பரீட்சை நேரத்துலகூடப் பட்டறைக்கு வந்து நின்னுக்கிட்டா சார். பழைய நாசில் ஒண்ணைக் கையில எடுத்து, இந்தத் துளையெல்லாம் ஏன் ஒரே சாய்வுல இல்லைன்னு கேட்கிறா. கம்பெனியில அப்படித்தான் போடுறான்னு சொன்னேன். விட மாட்டேங்கிறா."

அதற்குமேல் எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. அன்று வாய்விட்டுச் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும்.

ஐயா, உங்கள் மகள் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. சில எஞ்சின்களில் வால்வுகளுக்கு இடம் விட வேண்டியிருப்பதால், நாசிலை நுனியில் தாங்கும் இன்ஜெக்டரை நேராக நிறுத்த முடியாது, சாய்த்துத்தான் பொருத்த வேண்டும். உடல் சாய்ந்திருந்தாலும் பிஸ்டன் குழிக்குள் பீச்சு எல்லாப் பக்கமும் சமமாக விரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு துளையையும் நாசிலின் அச்சுக்கு வெவ்வேறு கோணத்தில் போடுகிறார்கள். விஷயம் அதோடு முடிவதில்லை. கோணம் மாறினால் டீசல் துளைக்குள் திரும்பும் வளைவும் மாறுகிறது. சில துளைக்குள் அது சிரமமில்லாமல் நுழையும், சில துளைக்குள் முடங்கித் திரும்பும். ஒரே நாசிலில் ஒரு துளை ஒரு அளவும் பக்கத்துத் துளை வேறொரு அளவும் கொடுக்கக்கூடும். இதைச் சரிக்கட்டுவதையே தொழிலாகச் செய்யும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகள் அவர்களுடைய கேள்வியைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே கேட்டிருக்கிறாள்.

மருத்துவம், கணினி, கணக்குத் தணிக்கை, அரசுத் தேர்வு பற்றி இங்கே நான் எழுதப் போவதில்லை. அவற்றைச் சொல்ல உங்கள் உறவினர்கள் போதும். அவர்கள் யாரும் பெயர்கூடக் கேட்டிராத ஒரு துறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: திரவத்தைச் சின்னத் துளைவழியாகப் பீச்சி, தூளாக உடைத்து, எரிய வைக்கும் கலை. அதன் நடுவில் இருப்பது நாசில் வடிவமைப்பு.

உங்கள் பட்டறை டெஸ்டரில் பழைய நாசிலை மாட்டிக் கைப்பிடியை அழுத்தும்போது சுமார் 200 பாரில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அது கரகரவென்று சத்தம் போட்டுத் திறக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே, உள்ளே துளைகளுக்கு வழியைத் திறந்து மூடும் ஊசி நன்றாக இருக்கிறதா என்று சொல்லிவிடுவீர்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் கொடுக்கும் முறைக்குக் காமன் ரெயில் என்று பெயர். இன்றைய காமன் ரெயில் டீசல் இன்ஜெக்டர்கள் 2000 பாரைத் தாண்டி வேலை செய்கின்றன. துளையின் விட்டம் 0.12 மில்லிமீட்டர் போல இருக்கும். இரண்டு தலைமுடியைச் சேர்த்து வைத்த பருமன்கூடக் கிடையாது. உள்ளே ஓடும் ஊசிக்கும் அதன் உடலுக்கும் நடுவே சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இடைவெளி.

பாப்பா, இது உனக்கு. பெர்னூலி சமன்பாடு படித்திருக்கிறாய். அழுத்த வேறுபாட்டை 2000 பார் என்றும், டீசலின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 830 கிலோ என்றும் வைத்துக்கொண்டு வேகத்தைக் கணக்கிட்டுப் பார். விநாடிக்கு 690 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். காற்றில் ஒலி போகும் வேகத்தைப் போல இரண்டு மடங்கு. உராய்வு, அறைக்குள் இருக்கும் எதிர் அழுத்தம் எல்லாவற்றையும் கழித்தாலும் 600 அளவில் நிற்கும். அந்த வேகத்தில் போகும் திரவத்தை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது அடுத்த சிக்கல். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும்போது அதன் சுழல் தண்டான கிராங்க் ஒரு டிகிரி திரும்ப 0.083 மில்லிவிநாடிதான் ஆகிறது. அப்படிப்பட்ட சில பத்து டிகிரிகளுக்குள் முன்பீச்சு, முதன்மைப் பீச்சு, பின்பீச்சு என்று பல தவணையாக ஊசி திறந்து மூட வேண்டும்.

இந்தத் துறையில் எதைச் சரிசெய்தாலும் வேறொன்று கெடும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். ஊசி மூடிய பிறகு நுனியில் இருக்கும் குழியில் கொஞ்சம் டீசல் தங்கிவிடுகிறது. அது நேரம் தப்பிக் கசிந்து, சரியாக எரியாமல் புகையாகப் போகிறது. சரி, குழியே வேண்டாம், ஊசியே துளைகளை நேராக மூடட்டும் என்று ஒரு வகை நாசில் செய்தார்கள். கசிவு குறைந்தது. ஆனால் திறக்கும்போது ஊசி இம்மியளவு ஒரு பக்கம் சாய்ந்தாலும் ஒரு துளைக்கு அதிகமாகவும் எதிர்த் துளைக்குக் குறைவாகவும் போனது. பிறகு குழியை ஒழிக்காமல் மிகச் சிறிதாக்கும் வழிக்கு வந்தார்கள்.

துளையின் வாயும் அப்படித்தான். விளிம்பு கூர்மையாக இருந்தால், திரவம் திரும்பும் இடத்தில் அழுத்தம் விழுந்து டீசல் அங்கேயே ஆவிக் குமிழியாகிறது. இதற்குக் கேவிட்டேஷன் என்று பெயர். அந்தக் குமிழிகள் உடையும்போது எஃகையே கடித்துத் துப்பிவிடும். இதைத் தடுக்க, நுண்ணிய அரைதூள் கலந்த திரவத்தைத் துளைவழியாக ஓட்டி விளிம்பை வழவழப்பாக்குகிறார்கள். துளையையும் உள்ளே அகலமாக, வெளியே குறுகலாகக் கூம்புபோலப் போடுகிறார்கள். குமிழி அடங்கிவிடும். ஆனால் துளையில் கரி படியாமல் சுரண்டிக் கொண்டிருந்ததும் அதே குமிழிதான்! அதை அடக்கினால் கரி கட்டத் தொடங்குகிறது. எவ்வளவு அடக்குவது, எவ்வளவு விட்டுவைப்பது என்பதற்குச் சூத்திரம் மட்டும் போதாது. செய்து பார்த்து, அறுத்துப் பார்த்து, அளந்து பார்க்க வேண்டும்.

இப்போது மாமாவின் வாதத்துக்கு வருகிறேன். "டீசல் செத்துக்கொண்டிருக்கிறது, மின்சார வண்டி வந்துவிட்டது, இந்த நேரத்தில் இதையா படிக்க வைப்பது?" நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். பயணிகள் காரில் டீசலின் பங்கு சுருங்குகிறது. "டீசல் கார் நாசில் மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்று நிற்பவருக்கு எதிர்காலம் ஒடுக்கம்தான்.

ஆனால் இந்த அறிவு ஒரே எரிபொருளோடு எப்போதும் கட்டுண்டு இருந்ததில்லை. 1897-இல் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினில் எரிபொருளை அழுத்தக் காற்றால் ஊதித்தான் உள்ளே தள்ளினார்கள். 1927-இல் பாஷ் நிறுவனம் டீசல் பம்புகளைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகு திரவ அழுத்தமே அந்த வேலையைச் செய்தது. 1995-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்துடைய காமன் ரெயில் ஹினோ லாரியில் ஏறியது. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ காரில் பாஷின் காமன் ரெயில் வந்தது. ஒவ்வொரு முறையும் பழைய பாகம் குப்பைக்குப் போனது, திரவத்தின் நடத்தை தெரிந்தவர்கள் அடுத்த மேசைக்குப் போனார்கள். இப்போது கப்பல்களுக்கு மெத்தனால் எஞ்சின்கள் வந்துவிட்டன. 2023-இல் வார்ட்சிலா நிறுவனம் அம்மோனியாவில் ஓடும் கப்பல் எஞ்சினை அறிமுகப்படுத்தியது. மெத்தனாலுக்கு டீசலைப் போல வழவழப்பு கிடையாது, ஒரே அளவு எரிபொருளில் கிடைக்கும் ஆற்றலும் பாதிக்கும் குறைவு. அப்படியென்றால் துளை எவ்வளவு பெரிதாக வேண்டும், ஊசி எந்த உலோகத்தில் இருக்க வேண்டும்? எல்லாம் முதலிலிருந்து.

எஞ்சினை விட்டும் வெளியே போகலாம். 2016-இல் சேவைக்கு வந்த லீப் விமான எஞ்சினின் எரிபொருள் நாசில், முன்பு சுமார் 20 துண்டுகளைப் பற்றவைத்துச் செய்ய வேண்டியிருந்தது. அதை முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக்கி, எடையையும் நாலில் ஒரு பங்கு குறைத்தார்கள். நிலவுக்குப் போன ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினில் எரிதல் நிலைகுலைந்தபோது, எரியும் அறைக்குள் வேண்டுமென்றே சின்ன வெடியை வெடித்துச் சோதித்தார்கள். இன்ஜெக்டர் தகட்டில் துளைகளின் அமைப்பையும் தடுப்புகளையும் மாற்றி மாற்றித்தான் அதை அடக்கினார்கள். பால் தூள் தயாரிக்கும் கோபுரம், பயிர்த் தெளிப்பான், ஆஸ்துமா இன்ஹேலர், இங்க்ஜெட் பிரிண்டர் எல்லாவற்றிலும் திரவம் எப்படி உடைகிறது என்ற அதே கணக்குதான்.

இதற்கு என்ன படிப்பது? இயந்திரப் பொறியியல் போதும். நாசில் வடிவமைப்பு என்று இளநிலையில் தனிப் படிப்பு தேட வேண்டாம். அப்படி ஒன்றை யாராவது விற்றால் சந்தேகப்படுங்கள். கல்லூரியின் பெயரைப் பார்க்காதீர்கள், ஆய்வகத்தைப் போய்ப் பாருங்கள். எஞ்சின் சோதனை மேடை ஓடுகிறதா, துணி போர்த்திக் கிடக்கிறதா? அளவியல் அறையில் மைக்ரான் அளக்கும் கருவியை மாணவர்கள் கையால் தொட விடுகிறார்களா? திரவ இயக்கவியல் நடத்துபவர் கரும்பலகையை விட்டு வெளியே வருவாரா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் சாதாரணக் கல்லூரி போதும்.

உற்பத்தி முறைகளை அவள் அலட்சியம் செய்யக் கூடாது. இந்தத் துளைகளை டிரில் பிட்டால் போடுவதில்லை. மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஈ.டி.எம். முறையிலும் லேசரிலும் போடுகிறார்கள். திரையில் அழகாக வரைந்துவிட்டு அதைச் செய்ய முடியுமா என்று தெரியாமல் முழிக்கும் வடிவமைப்பாளரைத் தொழிற்சாலையில் யாரும் மதிப்பதில்லை.

மாமாவுக்கு ஆறுதலான செய்தியும் உண்டு. இதில் கணினி இல்லாமல் ஒரு நாளும் நகராது. ஓப்பன்ஃபோம் என்ற திரவ ஓட்ட மென்பொருள் இலவசம். பழைய மடிக்கணினியிலேயே தொடங்கலாம். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் முன்னின்று நடத்தும் எஞ்சின் எரிதல் கூட்டமைப்பு, 'ஸ்ப்ரே ஏ' என்று பெயரிட்ட ஒற்றைத் துளை நாசிலின் அளவீடுகளை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. துளை விட்டம் 90 மைக்ரான். அதே நாட்டின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் எக்ஸ்ரேயால் நாசிலுக்குள்ளேயே எட்டிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு மாணவி தன் கணக்கு சரியா என்று அந்த அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். யாரிடமும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

முதுநிலைக்குப் போனால் எரிதல் அல்லது திரவப் பீச்சு பற்றி ஆய்வு செய்யும் இடமாக, உதவித்தொகை கொடுக்கும் இடமாகப் பார்த்துப் போகட்டும். வேலைகள் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கிடக்கவில்லை. பாஷ், டென்சோ, கம்மின்ஸ், ஃபினியா, வுட்வர்ட், கப்பல் எஞ்சின், விமான எஞ்சின் நிறுவனங்கள், ஆய்வகங்கள் என்று இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. முதல் வேலை சோதனை மேடையிலோ தரக் கட்டுப்பாட்டிலோதான் அமையும். சம்பளமும் ஆரம்பத்தில் மென்பொருள் வேலைக்குப் போன மாமா மகனுடையதைவிடக் குறையலாம். இது உறுத்தும் என்றால் இப்போதே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். நான்கு வருடம் கழித்து அவளிடம் சொல்லிக் காட்டாதீர்கள்.

பணத்தைப் பற்றி நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பட்டறையை அடமானம் வைக்காதீர்கள். இளநிலைப் பட்டத்துக்காக, குடும்பத்துக்குச் சோறு போடும் இடத்தைப் பணயம் வைப்பது எந்தப் படிப்பானாலும் தவறு. நான் சொல்லும் இந்தப் படிப்புக்கும் அதேதான். அவளுடைய முதல் மூன்று வருடச் சம்பளத்தில் பாதியைக் கொண்டு அடைக்க முடியாத கடன் என்றால் அந்தக் கல்லூரி உங்களுக்கானது இல்லை. அவள் வாய் திறந்து "எனக்குக் கணினிதான் பிடிக்கும்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். அவளை அன்று நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா சொல்றபடி" என்றாள். மூன்றாம் முறை நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தீர்கள். அப்போது சொன்னாள், "கணினி ஓகே சார், ஆனா நாசில் பத்தி யாரும் எனக்குச் சொல்லித் தர மாட்டேங்கிறாங்க."

அவளிடம் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

விண்ணப்பத் தேதி வரை இன்னும் சில வாரம் இருக்கிறது. அதுவரை தினமும் இரண்டு மணி நேரம் அவளைப் பட்டறையில் உட்கார விடுங்கள். கூட நின்று டெஸ்டரைப் போடச் சொல்லிக்கொடுங்கள், பீச்சுக்கு எதிரே கை நீட்டக் கூடாது, அது தோலைத் துளைத்து உள்ளே போகும் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். நல்ல ஊசியின் சத்தத்துக்கும் தேய்ந்த ஊசியின் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதால் கேட்டுச் சொல்லப் பழக்குங்கள். ஏன் அப்படிச் சத்தம் வருகிறது என்று அவள் கேட்பாள். கம்பெனியில் அப்படித்தான் போடுகிறான் என்று மட்டும் இந்த முறை சொல்லாதீர்கள்.