மூன்றாம் கிளாரினெட் தாளைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

கேள்வி: எங்கள் சமூக மன்றத்தின் கான்செர்ட் பேண்டில் (ஊதுவாத்தியங்களும் தாளவாத்தியங்களும் சேர்ந்த குழு) ஏறக்குறைய நாற்பது பேர் இருக்கிறோம். ஆண்டுக் கச்சேரிக்கு உருப்படிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முதல்முறையாக என்னிடம் வந்திருக்கிறது. கேட்பவர்கள் அசந்துபோகும்படி, கடினத் தரம் 4 அல்லது 5இல், நல்ல இசைத்தாள்களைப் பரிந்துரைக்க முடியுமா?

பதில்:

கேட்க வருகிறவர்களைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். வாசிக்கப் போகிறவர்களைப் பற்றி, நாற்பது பேர் என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை எழுதவில்லை. எந்த நாற்பது பேர்? பத்து ட்ரம்பெட்டும் ஒரே ஒரு ஹார்னும் இருந்தாலும் நாற்பதுதான். நான்கு ஹார்ன், இரண்டு ஓபோ, ஒரு பஸூன் என்று ஆள் கிடைக்காத வாத்தியங்கள் எல்லாம் அமைந்திருந்தாலும் நாற்பதுதான். இரண்டு குழுக்களும் ஒரே நிகழ்ச்சிப் பட்டியலை வாசிக்க முடியாது. உங்களுடையது சமூக மன்றக் குழு என்பதால் முதல் வகையாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆல்ட்டோ சாக்ஸபோன் தேவைக்கு மேல் இருக்கும், பஸூன் இருக்காது, தாளவாத்தியக்காரர்கள் தேர்வுக் காலத்தில் காணாமல் போவார்கள். தவறாக இருந்தால் மன்னியுங்கள். சிங்கப்பூரில் நான் பார்த்த சமூகக் குழுக்களில் பெரும்பாலானவை இப்படித்தான்.

நான் இசை நடத்துநர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து கேட்கக் கூடாது. ஒரு குழுவில் இசைத்தாள் பொறுப்பாளன். தாள்களை எண்ணி, உறைகளில் போட்டு, கச்சேரி முடிந்ததும் திரும்ப வாங்கி, எப்போதும் காணாமல் போகும் இரண்டாம் ட்ராம்போன் தாளைத் தேடி அலைகிறவன். அதற்கு முன்பு, உயர்நிலை ஒன்றிலிருந்து மூன்றாம் கிளாரினெட், அதாவது கிளாரினெட் பிரிவின் பின்வரிசைத் தாளை வாசித்தவன். முதல் கிளாரினெட்டுக்கு ஒருநாளும் உயர்த்தப்படவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு இசைத்தாளைப் பற்றித் தெரிகிற விஷயங்கள் மேடையில் கோல் பிடித்து நிற்பவருக்குத் தெரிவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் காலத்தில் பள்ளிக் குழுக்கள் வாசிக்கும் சிங்கப்பூர் இளையர் விழாவுக்குக் கட்டாய உருப்படி ஒன்று, விருப்ப உருப்படி ஒன்று. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிப்பார்கள். 2013 முதல் அதை மாற்றிச் சான்றிதழ் முறை கொண்டுவந்தார்கள், நல்லதுதான். கட்டாய உருப்படியில் யாருக்கும் தேர்வு இல்லை. விருப்ப உருப்படியில்தான் பெரியவர்களின் ஆசை வெளிப்படும். பக்கத்துப் பள்ளி போன முறை வாசித்ததைவிட ஒரு படி கடினமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அளவுகோல். முதல் கிளாரினெட்டும் முதல் ட்ரம்பெட்டும் தனிவகுப்பு வைத்தாவது அதைத் தேற்றிவிடுவார்கள். பின்வரிசையில் இருந்த எங்களுக்கோ பக்கம் முழுக்க நீண்ட ஒற்றை ஸ்வரங்கள், அல்லது எங்கள் விரல்களுக்கு அப்பாற்பட்ட ஓட்டங்கள். அந்த ஓட்டங்களில் வாசிப்பதுபோல் விரலை மட்டும் அசைப்போம். எத்தனை பள்ளிக் குழுக்களில் மூன்றாம் கிளாரினெட் விரல் மட்டும் அசைத்திருக்கிறது என்று கணக்கெடுத்தால் நடுவர்களுக்கே மயக்கம் வரும்.

அதனால் என் முறை இது. ஓர் உருப்படி நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் ஒலிப்பதிவைக் கேட்பதில்லை. பதிப்பாளர் தளத்தில் இருக்கும் பதிவைத் தேர்ந்த குழு வாசித்திருக்கும். அதில் எதுவும் நன்றாகத்தான் ஒலிக்கும். நேராக மூன்றாம் கிளாரினெட், இரண்டாம் ட்ராம்போன், மூன்றாம் ஹார்ன் ஆகிய தாள்களைப் பார்ப்பேன். அவற்றில் எங்காவது ராகம் வருகிறதா? கிளாரினெட்டில் 'தொண்டை ஸ்வரங்கள்' எனப்படும் நடு ஸ்வரங்களிலிருந்து மேல் ஸ்வரங்களுக்குத் தாவும் இடம் ஒன்று உண்டு. ஏழெட்டு விரல்களால் துளைகளை ஒரே நேரத்தில் மூட வேண்டும். அந்த இடத்தில் வேகமான ஓட்டம் வருகிறதா? ஹார்ன்காரருக்கு இடைத்தட்டு (தட்டுகளுக்கு நடுவே விழும் ஒற்றை ஸ்வரம்) போடுவதைத் தவிர வேறு வேலை உண்டா? இந்தத் தாள்களில் உயிர் இருந்தால் முதல் கிளாரினெட்டில் கட்டாயம் இருக்கும். அங்கே இருப்பதால் இங்கேயும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

தரம் 4, 5 என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை அதிகம் நம்பாதீர்கள். 1 முதல் 6 வரை தரம் குறிப்பது வழக்கமே தவிர, எல்லாப் பதிப்பாளர்களுக்கும் பொதுவான ஓர் அதிகாரம் கிடையாது. ஒருவரின் 4 இன்னொருவரின் 5. தரம் 3 என்று போட்ட தாளில் ஹார்னுக்கு மட்டும் தரம் 5 வேலை இருப்பதும் உண்டு.

இப்போது எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டுக் கச்சேரிக்கு அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்ஃபிரட் ரீடின் 'ஆர்மீனியன் டான்ஸஸ்' முதல் பகுதியைப் போட வேண்டும் என்று குழுவின் இளையவர்கள் ஒரே குரலில் நின்றார்கள். அருமையான இசை, மறுக்கவில்லை. கோமிதாஸ் என்ற ஆர்மீனியப் பாதிரியார் ஊர் ஊராகச் சேகரித்த நாட்டுப் பாடல்களிலிருந்து ஐந்தை எடுத்து 1972இல் ரீட் கோத்தது. பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். நடுவில் ஐந்து தட்டுத் தாளத்தில் ஒரு பாடல் வரும். நம் காதுக்குக் கண்டநடை புதிதில்லை. ஆனால் குழுவில் பாதிப் பேருக்கு அது கால் தடுக்கும் இடம். அப்போது எங்களிடம் பஸூன் இல்லை. இருந்த ஒரே ஓபோக்காரரை வேலை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தது. நான்கு ஹார்னுக்கு எழுதியதை இரண்டு பேர் வாசிக்க வேண்டும்.

தேர்வுக் கூட்டத்துக்கு நான் தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். மேசையில் இரண்டு வரிசையாகப் பரப்பினேன்: வாசிக்க ஆள் இருக்கும் தாள்கள் ஒரு பக்கம், ஆள் இல்லாதவை மறுபக்கம். "இந்தப் பக்கத்தை யார் வாசிப்பது?" என்று கேட்டேன். சாக்ஸபோன் வாசிக்கும் தம்பி ஒருவர், "அண்ணே, கியூ ஸ்வரம் போட்டிருப்பார்களே, அதை நாங்கள் வாசித்துவிடுவோமே" என்றார். நியாயமான பேச்சு. ஓபோ இல்லாத குழுக்களுக்காக அதன் தனி வாசிப்பைப் புல்லாங்குழல் தாளிலோ ட்ரம்பெட் தாளிலோ சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஓரிரு இடங்களில் அது கைகொடுக்கும். ஒரு முழுப் பிரிவே இல்லாதபோது கைகொடுக்காது. ஹார்ன்களின் நடு ஒலி இல்லாமல் அந்த உருப்படியின் அகன்ற பகுதிகளை எதை வைத்து நிரப்புவது?

நான் முன்வைத்த மாற்று, ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1911இல் எழுதிய எஃப் மேஜர் இரண்டாம் சூட் (பல பகுதிகள் கொண்ட இசைத்தொகுப்பு). "பள்ளிப்பிள்ளைகள் வாசிப்பது" என்று முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். முதல் பகுதியின் அணிநடையில் (மார்ச்) சின்ன ட்யூபா போன்ற யூஃபோனியத்துக்கு முழு நீளத்துக்கு ஒரு பாட்டு. மூன்றாம் பகுதி கொல்லன் பாட்டு. தாளவாத்தியக்காரர் பட்டறைக் கல்லை அடிக்க வேண்டும், யாருக்குத்தான் பிடிக்காது? நான்காம் பகுதியில் எட்டே தாளக்கட்டம் கொண்ட ஒரு பழைய நடன ராகம் விடாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. அதன்மேல் 'கிரீன்ஸ்லீவ்ஸ்' என்ற பழம்பாட்டை ஹோல்ஸ்ட் ஏற்றி வைக்கிறார். நடன ராகம் இரண்டு தட்டில் ஓட, பழம்பாட்டு மூன்று தட்டில் நடக்கிறது. கடைசியில் குழு முழுக்க அடங்கிப்போய், பிக்கலோவும் ட்யூபாவும் மட்டும் பேசிக்கொள்ளும். குழுவிலேயே மிகச் சிறிய வாத்தியமும் மிகப் பெரிய வாத்தியமும்! கச்சேரியன்று அந்த இடத்தில் அரங்கில் சிரிப்பு எழுந்தது. ட்யூபாக்காரரின் மகள் முன்வரிசையில் எழுந்தே நின்றுவிட்டாள். அவர் மருத்துவமனையில் இரவுப்பணி பார்ப்பவர், பல ஆண்டுகளாகக் குழுவில் 'பூம் பூம்' மட்டுமே வாசித்தவர். அந்தப் பருவம் முழுக்க ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்தவரும் அவர்தான்.

இதைப் படித்துவிட்டு, "எளிதானதையே வாசித்தால் குழு எப்படி வளரும்?" என்று யாராவது எழுதுவார்கள். அந்த நான்காம் பகுதியை எளிது என்று சொல்பவர் அதை வாசித்ததில்லை. ரீட் மீதும் எனக்குப் பகை கிடையாது. ஹார்ன்கள் வந்து சேர்ந்த பிறகு ஆர்மீனியன் டான்ஸஸ் தாளை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். ஆள் வந்த பிறகு தாள். அவ்வளவுதான் என் வாதம்.

ஹோல்ஸ்டின் முதல் சூட்டையும் பாருங்கள், 1909இல் எழுதியது. தொடக்க ராகம் யூஃபோனியத்திலும் ட்யூபாவிலும்தான் வருகிறது. எல்லாக் குழுவிலும் எல்லா வாத்தியமும் இராது என்று தெரிந்தே, பல பகுதிகளை 'இருந்தால் வாசிக்கலாம்' என்று குறித்து எழுதினார் அவர். ஹோல்ஸ்ட் 1934இல் மறைந்துவிட்டார். இங்கே காப்புரிமை மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் என்பதால் பழைய அச்சை இணையத்திலிருந்து எடுத்து வாசிக்கத் தடையில்லை. ஆனால் அந்தப் பழைய அச்சில் முழு ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் வரிகளும் உள்ள நடத்துநரின் தாள்) கிடையாது, சுருக்க ஸ்கோர்தான். 1948இல்தான் முழு ஸ்கோர் வந்தது. 1984இல் காலின் மேத்யூஸ் திருத்திய பதிப்பு வந்தது. காசு கொடுத்துத் திருத்திய பதிப்பையே வாங்குங்கள். ஒத்திகையில் எது அச்சுப் பிழை, எது நம் பிழை என்று சண்டை போடும் நேரம் மிஞ்சும்.

வான் வில்லியம்ஸின் 'இங்கிலீஷ் ஃபோக் சாங் சூட்' (1923) என்று யாராவது சொன்னால், இரண்டாம் பகுதி ஓபோவின் தனி வாசிப்பில் தொடங்குவதை நினைவில் வையுங்கள். ஆள் மிகவும் குறைவு என்றால், எத்தனை பேர் வந்தாலும் வாசிக்கும்படி நான்கைந்து குரல்களில் எழுதப்பட்ட ஃப்ளெக்ஸ் தாள்கள் கிடைக்கின்றன. கோவிட் காலத்துக்குப் பிறகு நிறைய வந்திருக்கின்றன. தாளவாத்தியத்தைத் தனியாக எண்ணுங்கள். புதிய உருப்படிகள் பலவற்றுக்கு ஆறேழு பேர் வேண்டும். உங்களிடம் மூன்று பேர் இருந்தால் மரிம்பாவுக்கும் சிம்பலுக்கும் நடுவே ஓட்டப் பந்தயம்தான்.

வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும் என்று எழுத வந்தேன், அதற்குள் கோபம் வந்துவிட்டது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு ஏழு மணிக்கு அரை மணி நேரம் கிளாரினெட் எடுத்தால், கீழ்வீட்டுக்காரர் நகர மன்றத்துக்குக் கடிதம் எழுதுகிறார். அதே மனிதர் கால்பந்துப் போட்டியன்று நள்ளிரவு தாண்டியும் கத்துகிறார். வார இறுதியில் கரவோக்கே வேறு. நான் அவர்மீது கடிதம் எழுதியதில்லை. வாத்தியத்துக்குள் துணியைச் செருகி வாசித்தால் என்ன என்று மின்தூக்கியில் எனக்கே யோசனை சொல்கிறார். மின்விசிறிக்குத் துணி கட்டினால் காற்று வருமா என்று கேட்க நினைத்தேன். என் மனைவி கையைப் பிடித்துவிட்டார். சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது.

உருப்படிகளின் வரிசையும் முக்கியம். கர்நாடக இசைக் கச்சேரியில் வர்ணத்தில் தொடங்குவார்களே, விரலும் மூச்சும் சூடாவதற்கு? பேண்டில் அந்த வேலையை ஓர் அணிநடை செய்யும். ட்ரம்பெட்காரர்களின் உதடு தசைதான், இயந்திரம் இல்லை. உச்ச ஸ்வரங்கள் நிறைந்த இரண்டு உருப்படிகளை அடுத்தடுத்து வைத்தால் இரண்டாவதன் முடிவில் காற்று மட்டும் வரும். நடுவில் மெதுவான ஒன்று வையுங்கள்: இசையமைப்பாளர் பெர்சி கிரேஞ்சரின் 'ஐரிஷ் டியூன் ஃப்ரம் கவுண்ட்டி டெர்ரி'. திறந்தவெளி மேடை என்றால் அதையும் வைக்க வேண்டாம். தாவரப் பூங்காவின் ஏரி மேடை போன்ற இடத்தில் மென்மையான ஒலி புல்வெளியைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடும். அங்கே துணி மாட்டும் கிளிப்புகளை மறக்காதீர்கள். தாள் பறந்தால் ஓடிப் பிடிப்பது என்னைப் போன்ற ஆள்தான்.

தமிழர் என்பதால் "ஒரு தமிழ்ப் பாட்டு போடுங்களேன்" என்று உங்களிடமும் கேட்பார்கள். போடலாம். ஆனால் திரைப்பாட்டைக் காதால் கேட்டு யாரோ எழுதிக்கொடுத்த தாளை உரிமை வாங்காமல் மேடையேற்றாதீர்கள். இசைத்தாளை விலை கொடுத்து வாங்குவது வேறு, பொதுமேடையில் வாசிக்கும் உரிமம் வேறு. இங்கே அதற்கு இசைப் படைப்பாளர்களின் உரிமங்களைக் கவனிக்கும் காம்பாஸ் சங்கத்தை அணுக வேண்டும். கமகம் நிறைந்த மெட்டை மூன்று ட்ரம்பெட்டுகள் ஒன்றாக வாசித்தால் ஆளுக்கொரு சறுக்கல் வரும். நேரான நடையுள்ள மெட்டாக இருந்தால் துக்கடாபோலக் கடைசியில் வையுங்கள்.

பட்டியலாகத்தான் வேண்டும் என்றால், தொடக்கத்துக்கு ஓர் அணிநடை, ஹோல்ஸ்டின் இரண்டு சூட்களில் ஒன்று, கிரேஞ்சர், இடைவேளைக்குப் பின் உங்கள் இளையவர்கள் கேட்கும் புதிய உருப்படி ஒன்று, முடிவில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. இடைவேளை நீங்கலாக எழுபது நிமிடத்தைத் தாண்ட விடாதீர்கள். ஹார்ன் எத்தனை, ஓபோ உண்டா, தாளவாத்தியத்துக்கு நிச்சயமாக வருகிறவர்கள் எத்தனை பேர் என்ற மூன்றையும் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். இரண்டு ஹார்னுக்குக் குறைவு என்றால் நான் சொன்ன பட்டியலில் பாதியை மாற்ற வேண்டியிருக்கும்.