பால் பத்தலையா, பாப்பா வளர்றாளா?

கேள்வி: அக்கா, எனக்கு ரெண்டாவதா பொண்ணு பொறந்து இன்னையோட 40 நாள். தாய்ப்பால் மட்டும்தான் குடுக்குறேன். போன வாரம் வரைக்கும் ரெண்டு ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவ குடிச்சிட்டு நல்லா தூங்குவா. இப்ப மூணு நாளா சாயங்காலம் 5 மணிக்கு ஆரம்பிச்சா ராத்திரி 11 மணி வரைக்கும் விடவே மாட்டேங்குறா, கீழ போட்டா அழுகை. மார்பு ரெண்டும் தொளதொளன்னு ஆயிருச்சு, முன்ன மாதிரி கனமே இல்ல. அத்தை "பால் வத்திப்போச்சு, புள்ள பட்டினி கெடக்குது"ன்னு சொல்லி டப்பா பால் வாங்கிட்டு வந்துட்டாங்க. இன்னும் பிரிக்கல. இதுல 6 வயசு மூத்தவன் வேற ராத்திரியானா கால் வலிக்குதுன்னு அழுறான், எல்லாரும் வளர்ற வலின்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணுமே ஓடல அக்கா. நான் தப்பு பண்றேனா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: டப்பாவ இன்னைக்கு பிரிக்காத தங்கச்சி. நீ தப்பு எதுவும் பண்ணல. அந்த 5 மணியிலேர்ந்து 11 மணிங்கற வரிய படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன், குழந்தைங்க வார்டுல 22 வருஷம் நர்ஸா இருந்து இதே கேள்வியோட வந்த எத்தனையோ அம்மாக்கள பாத்திருக்கேன், அதுக்கும் முன்னாடி நானே அந்த ஆறு மணி நேரத்த தாண்டி வந்திருக்கேன்.

முதல்ல நாப்கின எண்ணு. கடையில வாங்குற டயப்பர ரெண்டு நாளைக்கு எடுத்து வச்சிட்டு பழைய காட்டன் புடவையில கிழிச்ச துணி லங்கோடு கட்டு, ஏன்னா டயப்பர்ல நாலு தடவ போயிருந்தாலும் ஒரு தடவ மாதிரிதான் இருக்கும், கணக்கு தெரியாது. இன்னைக்கு காலையிலேர்ந்து நாளைக்கு காலை வரைக்கும் 6 தடவையோ அதுக்கு மேலயோ நல்லா நனைஞ்சிருந்து மூத்திரம் மஞ்சளா அடர்த்தியா இல்லாம வெளுப்பா இருந்தா, உள்ள பால் போகுதுன்னு அர்த்தம், உள்ள போகாதது வெளிய வராது இல்லையா. இந்த எண்ணுற வேலைய அத்தைகிட்ட குடுத்துரு. நெஜமாத்தான் சொல்றேன். அவங்க பேத்தி மேல இருக்குற பயத்துலதான் டப்பா வாங்கிட்டு வந்தாங்க, அந்தப் பயத்துக்கு ஒரு வேல வேணும். அவங்க கையால ஏழாவது லங்கோட அலசிப் போடும்போது அவங்களுக்கே மனசு தெளியும், நீ எவ்வளவு விளக்கிச் சொன்னாலும் அந்த தெளிவு வராது.

அப்புறம் எடை. இன்னும் ரெண்டு நாள்ல ஒன்றரை மாச ஊசி வரும், அங்கேயே எடை போட்டு தாய் சேய் அட்டையில எழுதச் சொல்லு. பொறந்ததும் முதல் சில நாள்ல குழந்தைங்க எடை கொஞ்சம் குறையும், ரெண்டு வாரத்துக்குள்ள பொறந்த எடைக்கு திரும்பிரும், அதுக்கப்புறம் முதல் மூணு மாசம் ஒரு நாளைக்கு 20லேர்ந்து 30 கிராம் ஏறணும். அதாவது 3 கிலோவுல பொறந்த பாப்பா இப்ப மூணரை கிலோவ தொட்டோ தாண்டியோ நிக்கணும். நின்னா டப்பாவுக்கு அவசியமே இல்ல. எடை ஏறலன்னு அட்டை சொன்னா அப்ப குழந்தை டாக்டர பாரு, குழந்தை சரியா வாய் வச்சு உறிஞ்சுதா, நாக்கு ஒட்டியிருக்கான்னு அவங்க பாப்பாங்க, வேணும்னா மேல்பால் எவ்வளவுன்னு அளவும் அவங்களே சொல்லுவாங்க, அப்படி குடுக்க வேண்டி வந்தா அதுல எந்தக் குத்தமும் இல்ல.

சரி, இந்த மூணு நாளா என்னதான் நடக்குது? குழந்தைங்க தினமும் ஒரே சீரா வளர்றதில்ல. 1992ல மிஷெல் லாம்ப்ல்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் 31 குழந்தைங்கள திரும்பத் திரும்ப அளந்து பாத்து 'சயின்ஸ்' இதழ்ல எழுதுனாங்க, பல நாள் உயரம் அசையவே அசையாம நிக்கும், அப்புறம் திடீர்னு அரை சென்டிமீட்டருக்கும் மேல ஒரே தாவா தாவும்னு. வீட்ல இத டேப் வச்சு அளக்க முடியாது, ஆனா நம்ம அம்மாக்களுக்கு வேற அளவு இருக்கு. என் மூத்தவளுக்கு அரணாக்கயிறு ஒரு ராத்திரியில இறுகின மாதிரி இருந்துச்சு. முந்தின நாள் எண்ணெய் தேய்க்கும்போது ரெண்டு விரல் உள்ள போகும், மறுநாள் காலைல ஒரு விரல்தான் போச்சு, இடுப்ப சுத்தி லேசா சிவப்பா ஒரு கோடு. பயந்துட்டேன். எங்கம்மா வந்து பாத்து முடிச்ச அவுத்து இன்னும் தள்ளிப் போட்டுட்டு, "புள்ள பருக்குதுடி"ன்னு மட்டும் சொன்னாங்க. நீயும் இந்த வாரம் பாரு, கொலுசோ அரணாக்கயிறோ சட்டை பட்டனோ ஏதோ ஒண்ணு சொல்லும்.

பொதுவா இந்த திடீர் வளர்ச்சியும் அதோட வர்ற கூடுதல் பசியும் ரெண்டு மூணு வாரத்துல ஒரு தடவ, ஆறு வாரத்துல ஒரு தடவ, மூணு மாசத்துல, ஆறு மாசத்துல இப்படி வரும், எல்லாக் குழந்தைக்கும் காலண்டர் பாத்து வராது, முன்ன பின்ன இருக்கும். ரெண்டு மூணு நாள், மிஞ்சிப்போனா ஒரு வாரம். உன் பாப்பா இப்ப ஆறு வார வாசல்ல நிக்கிறா. போதாக்குறைக்கு குழந்தைங்க சாயங்கால அழுகை உச்சத்துல இருக்குறதும் இதே ஆறு வாரத்துலதான். ரெண்டும் ஒண்ணா சேந்துக்கிச்சு, அவ்வளவுதான்.

இப்ப பாலுக்கு வர்றேன், அத்தைக்கும் படிச்சுக் காட்டு. மார்பு சேத்து வைக்கிற தொட்டி இல்ல, ஊறுற கிணறு. இறைக்க இறைக்கத்தான் ஊறும். காலியா காலியா பால் வேகமா சுரக்கும், நெறைஞ்சு நின்னா உடம்பே சுரப்ப குறைச்சிரும். பாப்பா ஆறு மணி நேரம் விடாம குடிக்கிறது நாளைக்கும் மறுநாளைக்கும் கூடுதலா வேணும்னு உன் உடம்புகிட்ட கேக்குறதுதான். தொளதொளன்னு இருக்குன்னு சொன்னியே, அதுவும் பால் வத்துனதுக்கு அடையாளம் இல்ல. முதல் வாரங்கள்ல உடம்புக்கு கணக்கு தெரியாம அதிகமா சுரந்து கல்லு மாதிரி கட்டிக்கும், ஆறு வாரம் வாக்குல கணக்கு புடிபட்டதும் மார்பு மெதுவாயிரும், நெறைய பேரு இந்த நேரத்துலதான் பால் போச்சுன்னு நெனச்சு டப்பாவுக்கு மாறுறாங்க. சாயங்காலம் வர்ற பால் கொஞ்சம் கம்மியா இருக்கும், ஆனா மார்பு காலியாகும்போது வர்ற பால்ல கொழுப்பு கூட, பாப்பாவுக்கு அதுதான் வேணும்.

இந்த இடத்துல டப்பா பால் குடுத்தா என்ன ஆகும்னு நானே பாத்துட்டேன். மூத்தவளுக்கு இதே ஆறாவது வாரத்துல எல்லாரும் சொன்னாங்கன்னு சாயங்காலம் ஒரு புட்டி குடுத்தேன். நாலு மணி நேரம் அசையாம தூங்குனா, வீடே நிம்மதியாச்சு. எனக்கு மார்பு கட்டிக்கிச்சு, உடம்பு இவ்வளவு போதும்னு எடுத்துக்கிச்சு. அடுத்த வாரம் ரெண்டு புட்டி, அதுக்கடுத்து மூணு, மூணாவது மாசம் வாய வச்சா தலைய திருப்பிக்கிட்டா. அந்த ஒரு புட்டியிலேர்ந்துதான் ஆரம்பிச்சதுன்னு பக்கத்துல இருந்து யாராவது சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பேன். அதான் உனக்கு இவ்வளவு நீளமா எழுதுறேன்.

குடிக்கிறாளா, சும்மா சப்புறாளான்னு பாக்கணுமா? ஃபேன நிறுத்திட்டு காது குடு. முதல்ல வேக வேகமா சப்புவா, அப்புறம் தாடை ஆழமா இறங்கி ஒரு நொடி நிக்கும், காதுக்கு முன்னாடி இருக்குற சதை அசையும், தொண்டையில "க்"னு ஒரு சத்தம். அந்த சத்தம் வந்தா பால் இறங்குது. கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னு வெறும் சப்பலா போனா அடுத்த பக்கம் மாத்து, அங்கயும் முடிஞ்சா திரும்ப முதல் பக்கமே.

சாயங்காலத்த எப்படி ஓட்டுறதுன்னா, 5 மணிக்கு உக்காரப் போறோம்னு தெரியும்ல, அதனால நாலரைக்கே நீ சாப்பிட்டுரு. டீ பிஸ்கட்ட சாப்பாடுன்னு சொல்லாத, இட்லியோ தோசையோ சாம்பாரோ முட்டையோ வயிறு நெறைய சாப்பிடு. பால் குடுக்குற முதல் ஆறு மாசம் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 600 கலோரி கூடுதலா வேணும்னு நம்ம ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லுது, அது கிட்டத்தட்ட இன்னொரு வேளை சாப்பாடு. பத்தியம்னு சொல்லி தண்ணிய குறைக்க விடாத, "தண்ணி குடிச்சா புள்ளைக்கு சளி புடிக்கும்"ங்கறது உண்மையே இல்ல, பக்கத்துல ஒரு சொம்பு எப்பவும் இருக்கட்டும், தாகம் எடுக்கும்போதெல்லாம் குடி. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை எல்லாம் அத்தை செஞ்சு குடுத்தா சந்தோஷமா சாப்பிடு. வீட்டுக்காரர் வந்ததும் ஏப்பம் எடுக்குறதும் தோள்ல போட்டு நடக்குறதும் அவர் வேல, நீ அந்த பத்து நிமிஷம் கால நீட்டி படு. ராத்திரி பால விட்டுராத, பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ராத்திரியிலதான் அதிகம். ஆனா சோபாவுலயோ நாற்காலியிலயோ பாப்பாவ மார்ல போட்டுட்டு கண் அசந்துராத, அது ஆபத்து, தூக்கம் வர்ற மாதிரி இருந்தா வேற யாருகிட்டயாவது குடுத்துரு. தேன், சர்க்கரைத் தண்ணி, வசம்பு, பசும்பால் எதுவும் வேண்டாம், திண்டுக்கல் வெயிலா இருந்தாலும் ஆறு மாசம் வரைக்கும் தண்ணியும் வேண்டாம்.

இது முடிஞ்சதும் பாப்பா ரெண்டு நாள் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கலாம். அதே லாம்ப்ல் 2011ல 23 குழந்தைங்க தூக்கத்த பாத்து எழுதியிருக்காங்க, நீளம் தாவுற சமயத்துல ரெண்டு நாளைக்கு தினமும் சராசரியா நாலரை மணி நேரம் கூடுதலா தூங்குச்சுங்களாம். எழுப்பினா கண் முழிச்சு நல்லா குடிச்சா கவலையே இல்ல. எழுப்பியும் குடிக்கல, துவண்டு கிடக்குறா, மூத்திரம் குறைஞ்சு போச்சு, உச்சிக்குழி உள்வாங்குது, இல்ல காய்ச்சல் 100.4 டிகிரி இருக்குன்னா விடியட்டும்னு காத்திருக்காத, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு கிளம்பு. ஊசி போட்ட மறுநாள் வர்ற காய்ச்சலுக்கு என்ன குடுக்கணும்னு ஊசி போடுற நர்ஸ்கிட்டயே கேட்டுக்க, ஆனா ரெண்டு நாளுக்கு மேல நீடிச்சா டாக்டர்.

மூணாவது மாசம் இதே கூத்து திரும்ப வரும், அப்ப "தாய்ப்பால் போதல, ராகிக் கூழ் ஆரம்பி"ன்னு பக்கத்து வீட்லேர்ந்து குரல் வரும். ஆறு மாசம் முடியட்டும்.

மூத்தவன மறக்கல. வளர்ற வலின்னு பேரு இருந்தாலும் குழந்தைங்க வேகமா வளர்ற சமயத்துக்கும் இந்த வலிக்கும் சம்பந்தம் இருக்குற மாதிரி தெரியல, அவன் வயசுல வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர்தான் வளருவாங்க. பகல்ல ஓடியாடின கால் ராத்திரி வலிக்கும், 3 வயசுலேர்ந்து 12 வயசு வரைக்கும் நெறைய பேருக்கு வரும். ரெண்டு கால்லயும், கெண்டைக்கால், தொடை, முட்டிக்குப் பின்பக்கம், காலைல எந்திரிச்சா ஒண்ணுமே இல்லாத மாதிரி ஓடுவான். அப்படின்னா வெதுவெதுப்பா எண்ணெய் தேய்ச்சு நீவி விடு, போதும். எப்பவும் ஒரே கால்ல, மூட்டுல வீக்கம், நொண்டுறான், காலைலயும் வலிக்குது, காய்ச்சல், எடை குறையுது, இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும்.

அவன் நடிக்கிறான்னு யாராவது சொன்னா நம்பாத. வலி நெஜம்தான். ஆனா 40 நாளா அம்மா மடியில வேற ஒருத்தி இருக்கா, அதையும் யோசிச்சுப் பாரு. பாப்பா குடிக்கிற நேரத்துல அவன உன் பக்கத்துல கால நீட்டி உக்கார வச்சு, உன் இன்னொரு கையால அவன் கெண்டைக்கால நீவிக்கிட்டே ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னு கேளு.

ஊசி போட்டுட்டு வந்ததும் அட்டையில எடை எவ்வளவுன்னு எனக்கு ஒரு வரி எழுது. டப்பாவோட பில்ல அத்தைகிட்ட கேட்டு பத்திரமா வச்சுக்க, பிரிக்காத டப்பாவ கடையில திருப்பி வாங்கிப்பாங்களான்னு கேட்டுப் பாக்கலாம்.