எழுப்புதல் கூட்டத்துக்குப் பிறகு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடையது மண்டபத்துக்கு அருகே கடற்கரையை ஒட்டியுள்ள ஒரு சிறிய பிரெஸ்பிட்டேரியன் சபை. சபையாரில் பெரும்பாலோர் விசைப்படகிலும் நாட்டுப்படகிலும் தொழிலுக்குப் போகிறவர்கள். சென்ற ஆண்டு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியாரை வரவழைத்து மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடத்தினோம். கடைசி இரவில் பந்தலில் இருந்த அனைவரும் எழுந்து நின்று, கைகளை உயர்த்தித் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் எல்லாம் பழைய நிலைமைக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை கடலுக்குப் போகும் படகுகள் ஞாயிறு காலையில்தான் கரை திரும்புவதால், எட்டு மணி ஆராதனையில் ஆண்கள் பக்கம் காலியாகக் கிடக்கிறது. வரும் புத்தாண்டில் ஒவ்வொருவரும் உறுதிமொழி அட்டையில் கையெழுத்திடும்படி ஓர் ஆராதனை நடத்தலாம் என்று செஷனில் (போதகரும் மூப்பர்களும் அடங்கிய சபை நிர்வாகக் குழுவில்) யோசனை சொல்லப்பட்டிருக்கிறது. இதனால் பயன் உண்டா?
– ஒரு மூப்பர், மண்டபம் வட்டாரம்

பதில்: மதிப்புக்குரிய ஐயா, உறுதிமொழி அட்டையை இந்த ஆண்டு ஒத்திவையுங்கள் என்பதே என் கருத்து. கையெழுத்திடுவது நம் மரபுக்குப் புறம்பானது என்பதால் இப்படிச் சொல்லவில்லை. 1638 பிப்ரவரி 28 அன்று எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் ஆலயத்தில் ஸ்காட்லாந்தின் பிரபுக்கள், தங்கள் சபையின் விசுவாசத்தைக் காப்போம் என்று உறுதிகூறும் தேசிய உடன்படிக்கையில் கையெழுத்திடத் தொடங்க, பொதுமக்களும் அவர்களைத் தொடர்ந்தார்கள் என்பது நம் சபை வரலாற்றில் முக்கியமான பக்கம். ஆனால் உங்கள் செஷன் பின்பற்றத்தக்க முன்மாதிரி அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. 1596 மார்ச் மாதம் எடின்பரோவில் கூடிய ஸ்காட்லாந்துச் சபையின் பொதுப் பேரவையில், நாட்டு மக்களின் பாவங்களைப் பற்றிப் பேசியதோடு நின்றுவிடாமல், போதகர்கள் தங்கள் ஊழியத்தில் தாங்கள் காட்டிய அசட்டையைத் தேவசமுகத்தில் அறிக்கையிடுவதற்கென்றே ஒரு நாளைக் குறித்தார்கள். ஜான் டேவிட்சன் என்ற போதகர் முன்னின்று நடத்திய அந்தக் கூடுகையில் அவர்கள் கண்ணீரோடு தங்களைத் தாழ்த்தி, கைகளை உயர்த்தி உடன்படிக்கையைப் புதுப்பித்தார்கள். அதன் பின்னரே அது சினட்டுகள், பிரெஸ்பிட்டரிகள் என்னும் வட்டார மன்றங்களுக்கும் ஊர்ச் சபைகளுக்கும் சென்றது. உங்கள் கூட்டத்தில் பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். மூப்பர்கள் என்ன செய்தார்கள் என்று கடிதத்தில் இல்லை. குற்றஞ்சாட்டுவதற்காக இதைக் கேட்கவில்லை. செஷன் ஒரு மாலை முழுவதும் கணக்கு வழக்கு, கட்டடம், மைக்செட் எதையும் எடுக்காமல், தங்கள் சொந்த ஆவிக்குரிய வாழ்வைப் பற்றி மட்டும் ஒருவருக்கொருவர் பேசி ஜெபிக்குமானால், புதுப்பித்தல் தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

அன்றிரவு கை உயர்த்தியவர்கள் மனப்பூர்வமாகத்தான் உயர்த்தினார்கள் என்று நம்புகிறேன். ஆனால் பிரசங்கியார் மறுநாள் ரயிலேறிப் போய்விட்டார், அவர்கள் கொடுத்த வாக்கை நினைவில் வைத்திருந்து, மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்து, "எப்படி இருக்கிறீர்கள், ஜெபிக்க முடிகிறதா?" என்று விசாரிக்க ஆளில்லை. நம் சபை ஒழுங்கில் அந்த ஆள் மூப்பர்தான். 1541இல் ஜெனீவா நகருக்காகச் சபைச் சீர்திருத்தத் தலைவர் கால்வின் வகுத்த சபைச் சட்டங்கள் போதகர், வேத ஆசிரியர், மூப்பர், உதவிக்காரர் என்று நால்வகை ஊழியங்களை ஏற்படுத்தியபோது, நகரின் ஒவ்வொரு பகுதியையும் கவனிக்கத்தக்கதாக மூப்பர்களைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்றும், தவறுகிறவர்களை அவர்கள் அன்போடு புத்திசொல்ல வேண்டும் என்றும் கூறின. பவுல் எபேசுவின் மூப்பர்களிடம் விடைபெறும்போது, வெளியரங்கமாக மட்டுமன்றி வீடுகள்தோறும் தாம் உபதேசித்ததையே நினைவூட்டினார். இன்று நம் சபைகள் பலவற்றில் மூப்பர் என்பவர் காணிக்கைப் பை எடுப்பவராகவும், செஷன் கூட்டத்தில் கையெழுத்துப் போடுபவராகவும் சுருங்கிப்போனது எனக்குப் பெரும் வேதனை.

மேலும், புதிதாக ஓர் உறுதிமொழியைத் தேடுவதற்கு முன், ஏற்கெனவே கொடுத்தவற்றை நினைத்துப்பாருங்கள். ஞானஸ்நானத்தில் கொடுத்த வாக்கு இருக்கிறது. சபையின் முன் நின்று விசுவாசத்தை அறிக்கையிட்டு, முழு அங்கத்தினராகச் சேர்ந்த நாளில் கொடுத்த வாக்கு இருக்கிறது. அவற்றைப் புதுப்பிக்கும் இடமாகத் திருவிருந்தையே கர்த்தர் நமக்குக் கொடுத்திருக்கிறார். பழைய ஸ்காட்லாந்துச் சபைகளில் திருவிருந்து ஆண்டுக்கு ஓரிரு முறைதான் நடந்தது. ஆனால் அதற்கான ஆயத்தம் வாரக்கணக்கில் நடந்தது. போதகரும் மூப்பரும் தங்கள் வட்டாரத்துக் குடும்பங்களைச் சந்தித்து, விசுவாசத்தைக் குறித்து விசாரித்து, அண்டை வீட்டாரோடு பகை இருந்தால் ஒப்புரவாக்கி, ஈயத்தில் வார்த்த சிறிய வில்லை ஒன்றைக் கொடுப்பார்கள். பந்தியில் அமர்கிறவர் அதை மூப்பரிடம் கொடுத்துவிட்டு அமர்வார். வியாழக்கிழமை உபவாசம், சனிக்கிழமை ஆயத்த ஆராதனை, ஞாயிறு பந்தி, திங்கட்கிழமை நன்றி ஆராதனை என்று அது நாள்கணக்கில் நீடிக்கும். 1630 ஜூன் 21 அன்று ஷாட்ஸ் ஊரில் ஜான் லிவிங்ஸ்டன் என்ற இளம் பிரசங்கியாரின் வாய்மொழியால் பெரும் எழுப்புதல் உண்டானதே, அது இப்படிப்பட்ட ஒரு திங்கட்கிழமை நன்றி ஆராதனையில்தான் உண்டாயிற்று.

ஸ்காட்லாந்தின் கேம்பஸ்லாங் ஊரின் எழுப்புதல் இன்னும் நெருக்கமாகப் பார்க்கத்தக்கது. 1742 ஆகஸ்டில் அங்கே நடந்த திருவிருந்தில் சுமார் 3,000 பேர் பந்தியமர்ந்தார்கள். புகழ்பெற்ற ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டும் அங்கே பிரசங்கித்தார். ஆனால் அவர் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே, செருப்புத் தைக்கும் ஒருவரும் நெசவாளர் ஒருவரும் வீடு வீடாகச் சென்று, வாரநாளில் ஒரு வேதபாடம் வேண்டும் என்று சுமார் 90 குடும்பத் தலைவர்களின் கையெழுத்தை வாங்கிப் போதகர் வில்லியம் மெக்கல்லக்கிடம் கொடுத்திருந்தார்கள். கையெழுத்து வாங்குவதானால் இப்படி ஒன்றுக்கு வாங்குங்கள்.

உங்கள் ஊருக்கு இதை எப்படிப் பொருத்துவது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். கையில் காசு புழங்காத காலமாகையால் வீட்டின் உண்மையான நிலைமையும் மூப்பருக்குத் தெரியவரும். படகுகள் மறுபடி கடலில் இறங்குவதற்கு முந்தின ஞாயிறன்று திருவிருந்தை வைத்துக்கொண்டு, அதற்குள் எல்லாக் குடும்பங்களையும் சந்தித்து முடியுங்கள். வீட்டுக்காரர் வலை பொத்திக்கொண்டிருந்தால், வேலையை நிறுத்தச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். குடும்ப ஜெபம் நடக்கிறதா, பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளிக்கு வராததற்கு என்ன காரணம், சபையில் யாரோடாவது மனத்தாங்கல் உண்டா, கடன் நெருக்குகிறதா என்று கேளுங்கள். சந்தா நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகவே கூடாது. அன்றைக்குப் பாக்கி கேட்டால் அடுத்த முறை கதவு திறக்காது. பழைய காலத்து வில்லையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதோடு போன சந்திப்பு திரும்பி வந்தால் போதும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கடற்கரைச் சபைகளில் மூப்பராக இருப்பவரே சம்மாட்டியாகவும் (படகு உரிமையாளராகவும்) இருப்பதுண்டு. அவர் சந்திக்கப்போகும் வீட்டுக்காரர் அவருடைய படகுக்கு முன்பணம் வாங்கியவராக இருப்பார். அந்த வாசலில் அவர் வந்து நின்றால், கணக்குக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்றே வீட்டுப் பெண்கள் எண்ணுவார்கள். ஜெபத்துக்குத் தலைகுனிந்தாலும் மனம் திறக்க மாட்டார்கள். ஆகையால் தம் படகில் வேலை செய்கிறவர்களின் குடும்பங்களை வேறொரு மூப்பரிடம் ஒப்படைத்துவிடுங்கள். கூலியிலோ பங்குக் கணக்கிலோ தீராத வழக்கு இருந்தால், அந்தச் சம்மாட்டி அதைத் திருவிருந்துக்கு முன் தாமாகவே பேசித் தீர்க்கட்டும். சபை முழுவதும் அதைக் கவனிக்கும். நூறு பிரசங்கம் செய்யாததை அது செய்யும்.

ஜெபித்துவிட்டு மட்டும் திரும்பிவரக் கூடாத வீடுகளும் சில இருக்கும். அவற்றை உதவிக்காரர்களிடம் அன்றே தெரிவியுங்கள். மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபையில் ஒவ்வொரு வேளை உலையிடும்போதும் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்துவைப்பது வழக்கம். நம் ஊர்ச் சபைகளிலும் பிடி அரிசிக் காணிக்கை தெரிந்ததுதான். அதைத் தடைக்காலத்துக்கு முன்பே தொடங்கிச் சேர்த்துவைத்தால், அரசின் தடைக்கால நிவாரணம் கைக்கு வந்துசேரும்வரை சில அடுப்புகள் அணையாமல் இருக்கும்.

ஞாயிறு காலை ஆராதனையைப் பொறுத்தவரை என் பதில் சுருக்கமானது. பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் அடிப்படை உபதேச ஆவணமான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 21ஆம் அதிகாரம் ஓய்வுநாளைக் கண்டிப்பாக ஆசரிக்கச் சொன்னாலும், தவிர்க்க முடியாத வேலைகளுக்கும் இரக்கத்தின் கிரியைகளுக்கும் இடம் தருகிறது. கரைக்கு வந்த மீனை இறக்கி ஐஸ் போடாமல் விட்டுவிட்டு வாருங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நாள் கர்த்தருடையது, எட்டு மணி என்பது நாம் வைத்துக்கொண்டது. காலை ஒன்று, மாலை ஒன்று என்று ஆராதனையை இரண்டாக்கினால் சிறிய சபை இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும். ஒரே ஆராதனையாக மாலை ஐந்து மணிக்கு மாற்றிப் பாருங்கள். பிரெஸ்பிட்டரிக்கும் முறைப்படி தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: நான் கடலில் பாசி எடுக்கும் தொழில் செய்கிறேன். சுய உதவிக் குழுவில் என் பெயரில் கடன் வாங்கி, ஒரு பகுதியை எங்கள் பெண்கள் ஐக்கியத்துச் சகோதரி ஒருவருக்குக் கொடுத்தேன். அவர் கட்டவில்லை, வட்டியோடு நான்தான் கட்டினேன். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மனதில் கசப்பை வைத்துக்கொண்டு பங்கெடுப்பது பாவம் என்று பயந்து, திருவிருந்து நாளில் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அவர் தவறாமல் பங்கெடுக்கிறார். நான் செய்வது சரியா?
– ஒரு சகோதரி, பாம்பன்

பதில்: அன்புள்ள சகோதரி, பந்தியைக் குறித்து உங்களுக்கு இருக்கும் பயம் நல்ல பயம். ஆனால் அது உங்களை வெளியே அனுப்பக் கூடாது. வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடையின் 172ஆம் கேள்வி கிட்டத்தட்ட உங்களுடைய கேள்வியே: தன் ஆயத்தத்தைக் குறித்துச் சந்தேகப்படுகிறவர் திருவிருந்துக்கு வரலாமா? தன் குறையை உணர்ந்து, கிறிஸ்துவை வாஞ்சித்து, அக்கிரமத்தை விட்டு விலக விரும்புகிறவர் வரலாம். வரவும் வேண்டும் என்பதே அதன் விடை. நொந்துபோன உள்ளம் முழுவதும் ஆறிய பிறகுதான் பந்திக்கு வரலாம் என்றால், நம்மில் பலர் ஒருபோதும் வர முடியாது.

அதோடு, மத்தேயு 18ஆம் அதிகாரம் காட்டும் வழியில் ஓர் அடியாவது எடுத்துவையுங்கள். முதலில் நீங்களும் அவரும் தனியாகப் பேச வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அதன் பிறகுதான் சபைக்குச் சொல்வது. பெண்கள் ஐக்கியத்தில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுக் கடைசியில் அவரிடம் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மன்னிப்பது என்றால் பணத்தை விட்டுவிட வேண்டும் என்று பொருளில்லை. பாசி எடுத்துச் சம்பாதித்த காசு அது. கசப்பை விட்டுவிட்டு, மாதத் தவணையாகத் திருப்பித்தரும்படி ஒரு மூப்பர் முன்னிலையில் பேசி முடிக்கலாம்.

வாங்கியவரின் கடமை இன்னும் பெரியது. 1907 ஜனவரியில் கொரியாவின் பியோங்யாங் நகரில் எழுப்புதல் உண்டானபோது, கில் சன்-ஜூ என்ற மூப்பர் சபையின் முன் எழுந்து, இறந்துபோன நண்பரின் சொத்தைப் பராமரித்தபோது அந்தக் குடும்பத்துப் பணத்தில் ஒரு தொகையைத் தாம் எடுத்துக்கொண்டதை அறிக்கையிட்டு, அதை அந்த விதவைக்குத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். அதன் பிறகே மற்றவர்களும் தங்கள் பாவங்களை அறிக்கையிடத் தொடங்கினார்கள் என்று அங்கிருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதே ஆண்டில் அவர் கொரியாவின் முதல் ஏழு பிரெஸ்பிட்டேரியன் போதகர்களில் ஒருவராக அபிஷேகம் பெற்றார். இந்தப் பகுதியை அந்தச் சகோதரிக்கு நீங்கள் வாசித்துக் காட்டாதீர்கள். உங்கள் மூப்பர் செய்யட்டும்.

கேள்வி: சொந்த ஊர் தேவிபட்டினம் பக்கம், வேலை சென்னையில். ஊர்ச் சபைக்கு மாதந்தோறும் சந்தா அனுப்புகிறேன். ஞாயிறன்று யூடியூபில் ஆராதனை பார்க்கிறேன். அறைக்கு அருகில் பிரெஸ்பிட்டேரியன் சபை இல்லை; தென்னிந்தியத் திருச்சபை ஆலயம்தான் இருக்கிறது. இது போதுமா?
– ஓர் இளைஞர், சென்னை

பதில்: போதாது, தம்பி. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யூடியூபில் பிரசங்கிப்பவருக்குத் தெரியாது. அருகிலுள்ள ஆலயத்துக்குத் தாராளமாகச் செல்லுங்கள். அது அந்நியர் வீடு இல்லை. தென்னிந்தியாவின் பிரெஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல் சபையாரும் 1908இல் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபையானார்கள். அதுவே 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாயிற்று. எழும்பூரில் ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன்கள் கட்டி 1821இல் திறந்த புனித அந்திரேயா ஆலயமும் இன்று அந்தத் திருச்சபையைச் சேர்ந்ததே. இந்த மாதமே உங்கள் ஊர்ப் போதகரிடம் அங்கத்தினர் மாற்றுக் கடிதம் கேட்டு வாங்கி, அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்த ஆலயத்துப் போதகரிடம் நேரில் கொடுங்கள். நீங்கள் இருக்கும் தெருவைக் கவனிப்பவர் யார் என்றும் அவரிடம் கேட்டு, அவருடைய கைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.