விளையாட்டு இல்லை என்று அடம்பிடிக்கும் விளையாட்டு

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் கேட்டானே என்று 'தேர் இஸ் நோ கேம்: ராங் டைமென்ஷன்' என்ற கேமை நேற்று பிளே ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கினேன். திறந்தால், இங்கே விளையாட்டு எதுவும் இல்லை, கிளம்புங்கள் என்கிற மாதிரி ஒரு குரல் பேசிக்கொண்டே இருக்கிறது. போன் பழுதா, நான் ஏமாந்துவிட்டேனா? சேலத்துக்குக் கொண்டுபோய்க் காட்டட்டுமா?
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டாம் அம்மா, இதற்காக இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற வேண்டாம். போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. 'விளையாட்டு எதுவும் இல்லை' என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். 'டிரா மீ அ பிக்சல்' என்ற பிரெஞ்சு நிறுவனம் 2020-இல் வெளியிட்டது. 2015-இல் வந்த ஒரு குட்டி விளையாட்டை வளர்த்து எடுத்தார்கள்.

நம் சேலம் பக்கத்துக் கூத்தில் கட்டியங்காரனைப் பார்த்திருப்பீர்களே? ராஜா வேஷம் வருகிற நேரத்தில், முன்வரிசையில் தூங்குகிறவரை வம்புக்கு இழுப்பான். கதைக்குள்ளும் இருப்பான், நம்மோடும் பேசுவான். ஆடுகிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் நடுவே ஒரு சுவர் இருப்பதாக வைத்துக்கொண்டு, இதை 'நான்காவது சுவரை உடைப்பது' என்கிறார்கள். எனக்கென்னவோ, கூத்துத் திடலில் அந்தச் சுவரை யாரும் கட்டியதே இல்லை. இந்த கேமில் உங்களைத் துரத்துகிற குரலும் ஒரு கட்டியங்காரன்தான்.

ஆகவே ஆடுவதற்கு ஒரே வழி, சொன்ன பேச்சைக் கேட்காமல் இருப்பது. மகனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியிருக்காது! தலைப்பின் எழுத்துகள், ஓரத்துக் குறிகள், வெறும் அலங்காரம் போலத் தெரிகிறவை என எதையும் விடாமல் தட்டி, இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டிக்கொண்டால் உள்ளேயே குறிப்பு கேட்கலாம், படிப்படியாகக் கொடுக்கும். வீடியோவில் விடை தேடினால் பாதி சிரிப்பு போய்விடும். குரல் ஆங்கிலத்தில்தான், வார்த்தை விளையாட்டும் நிறைய. அதனால் முதல் அரைமணி நேரம் நீங்களும் கூட உட்காருங்கள்.

போகப்போக, இலவச கேம்களைக் கிண்டல் செய்யும் பகுதி ஒன்று வரும். விளம்பரம் குதிக்கும், கடை திறக்கும், காசு கேட்கும். எல்லாம் பொய்க் காசு. அப்படியானால் நிஜத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நிஜமாகப் பணம் போவதென்றால் கூகுள் பிளேயின் கட்டணப் பெட்டிதான் வரும். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்கும்படி வைத்துவிடுங்கள். இந்த கேமுக்கு மட்டும் இல்லை, பிள்ளைகள் கையில் போன் இருக்கிற எல்லா வீட்டுக்கும் சொல்கிறேன்.

பழுது போலத் தெரிந்தாலும் நிஜமா பொய்யா என்று சோதித்துப் பார்க்கலாம். ஹோம் பட்டனை அழுத்துங்கள். வெளியே வந்து மற்ற ஆப்கள் ஓடுகின்றன என்றால் போன் பத்திரம். பிறகும் சந்தேகம் என்றால் கேமை முழுதாக மூடிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். அதே இடத்தில் அதே கோளாறு, கூடவே குரலும் புலம்புகிறது என்றால் அது புதிர்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிக்கவில்லையா? வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் பணம் திரும்பக் கேட்கலாம். நேற்று வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் மகனை இன்றே ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள்.