விக்டர் ஷோஸ்ட்ரோம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மனின் 'வைல்ட் ஸ்ட்ராபெர்ரீஸ்' சென்ற வாரம்தான் பார்த்தேன். வயதான டாக்டராக நடித்த விக்டர் ஷோஸ்ட்ரோம் மௌனப்பட காலத்துப் பெரிய இயக்குநராமே? பேசும் படம் வந்ததும் மார்க்கெட் போய், வேறு வழியில்லாமல் நடிக்க வந்தவர் என்கிறார் நண்பர். உண்மையா? அவர் இயக்கியதில் எதை முதலில் பார்க்கலாம்?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் சொல்லும் கதை பலருக்குப் பொருந்தும், இவருக்குப் பொருந்தாது. ஷோஸ்ட்ரோம் அடிப்படையில் நாடக நடிகர். 1912-ல் ஸ்வீடனின் ஸ்வென்ஸ்கா பியோ சினிமா கம்பெனிக்கு வந்ததும் படம் இயக்கவும் நடிக்கவும் சேர்த்தே தொடங்கினார். அடுத்த வருடமே 'இங்கேபோர்க் ஹோல்ம்'. கணவனை இழந்து கடனில் மூழ்கியவளை ஏழைகள் விடுதியில் சேர்த்துவிட்டு, பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஏழைகளுக்கான சட்டங்களைப் பற்றி ஸ்வீடனில் பெரிய விவாதத்தையே கிளப்பிய படம் அது.

ஆனால் நீங்கள் 1921-ல் வந்த 'தி ஃபேன்டம் கேரேஜ்' படத்திலிருந்து தொடங்குங்கள். ஸ்வீடன் எழுத்தாளர் செல்மா லாகர்லாஃபின் நாவலிலிருந்து எடுத்தது. வருடத்தின் கடைசி நாள் நள்ளிரவில் சாகிறவன் அடுத்த ஒரு வருடம் சாவின் வண்டியை ஓட்டவேண்டும். வண்டி கடல்மேலும் போகும். கேமராமேன் ஜூலியஸ் யான்சோன், படச்சுருளைப் பின்னால் சுற்றி அதன்மேலேயே மறுபடி படம்பிடித்து அந்த ஆவி உருவங்களை உண்டாக்கினார். கையால் சுற்றும் கேமரா. இரண்டாம் முறையும் அதே வேகத்தில் சுற்றியாகவேண்டும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது குடிகாரன் டேவிட் ஹோல்மாக ஷோஸ்ட்ரோமே நடித்திருப்பதுதான். மனைவி அவனைச் சமையலறையில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். கோடாரியால் கதவைப் பிளக்கிறான். தன்மேல் பார்வையாளனுக்கு இரக்கம் வரட்டும் என்று ஒரு நொடிகூட அவர் நடிக்கவில்லை. ஹீரோ இயக்குநர்களிடம் இதை எதிர்பார்க்க முடியுமா?

1923-ல் ஹாலிவுட். அங்கே பெயரை 'சீஸ்ட்ரோம்' என்று மாற்றிவிட்டார்கள். எம்ஜிஎம் ஸ்டூடியோ தொடங்கியதும் தயாரித்த முதல் படமே இவர் இயக்கியதுதான். பிறகு நடிகை லிலியன் கிஷ்ஷை வைத்து 'தி விண்ட்'. மொஹாவே பாலைவனத்தில் விமான எஞ்சின்களின் விசிறியை ஓடவிட்டு மணலை அவர் முகத்தில் அடித்தார்கள். வெயிலில் காய்ந்த கதவுக் கைப்பிடியைத் தொட்டு கை வெந்துபோனதாக கிஷ்ஷே சொல்லியிருக்கிறார். படம் 1928 கடைசியில்தான் வந்தது. அதற்குள் ஊர் முழுக்க பேசும்பட மோகம். ஓடவில்லை. சத்தத்திடம் ஷோஸ்ட்ரோம் தோற்றதென்றால் இந்த ஒரு படத்தில்தான். அதற்குப் பிறகு அமெரிக்காவிலேயே ஒரு பேசும் படத்தையும் இயக்கிவிட்டுத்தான் ஊர் திரும்பினார். கடைசியாக இயக்கியது 1937-ல், இங்கிலாந்தில்.

ஊரில் வேலையில்லாமலும் இல்லை. நடித்தார். 1943 முதல் சில வருடங்கள் ஸ்வென்ஸ்க் ஃபில்ம்இண்டஸ்ட்ரி நிறுவனத்தின் கலைத்துறைத் தலைவர். அங்கே முதல் படம் எடுத்துக்கொண்டிருந்த பெர்க்மன் எல்லோரிடமும் சண்டை போட்டிருக்கிறார். ஷோஸ்ட்ரோம் அவர் பிடரியைப் பிடித்து ஸ்டூடியோ வாசலில் நடத்திக்கொண்டுபோய், காட்சிகளை எளிமையாக எடு, ஆட்களிடம் மல்லுக்கட்டாதே என்று புத்தி சொன்னாராம். பெர்க்மனே எழுதியிருப்பது.

ஆகவே 1957-ல் பெர்க்மன்தான் அவரைத் தேடிப் போனார். மாலை ஐந்தேகாலுக்கு வீட்டில் விஸ்கியோடு உட்கார்ந்திருக்கவேண்டும் என்பது கிழவரின் நிபந்தனை. மார்க்கெட் போனவர் போடுகிற நிபந்தனையா இது!

நடிகை கிரேட்டா கார்போ நடிக்க ஷோஸ்ட்ரோம் இயக்கிய 'தி டிவைன் வுமன்' படத்தைத் தேடி அலையாதீர்கள். மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ரீல், ஒன்பது நிமிடம். அதுவும் ரஷ்யாவில் கிடைத்தது.

அன்புடன்