மணியோட சமாதியில பூ தங்க மாட்டேங்குது

கேள்வி: அக்கா, எங்க வீடு ஒடுகத்தூர் பக்கம், மலையடிவாரம். பன்னெண்டு வருஷம் வளத்த எங்க மணி, நாட்டு நாய்தான், தை மாசம் செத்துட்டான். கொல்லையில மாமரத்தடியில பொதைச்சோம். தினம் ரெண்டு ரோஜாவாவது செம்பருத்தியாவது வச்சிட்டு வருவேன். அவன் போன பத்தே நாள்ல புள்ளிமானுங்க வர ஆரம்பிச்சிடுச்சி, ராத்திரியோட ராத்திரியா சமாதி மேல வச்ச பூவக்கூட தின்னுட்டு போவுது, கொத்தவரங்கா, முருங்கை கன்னு எதையும் விடல. வீட்டுக்காரரு "நாய்க்கு போயி தினம் பூவா"ன்னு சிரிக்கறாரு, வேலிக்கு கரண்டு குடுத்துடலாங்கறாரு. இன்னா பண்றது? (வாசகி, ஒடுகத்தூர்)

பதில்: மொதல்ல அந்த கரண்டு பேச்ச வுடச் சொல்லும்மா. மான் செத்தா 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல ஜெயிலு, அதுக்கும் முன்னாடி விடியக்காத்தால மோட்டார் போட போற நம்ம மனுஷங்கதான் அதுல மாட்டுவாங்க.

மான் ஒன்னும் புதுசா வரல. மணி கொலைச்சிகினு இருந்த வரைக்கும் கிட்ட வரல, அவ்ளோதான். மலைமேல குட்டை காஞ்சிட்டா தண்ணிக்கு எறங்கும், எறங்குனா பச்சையா கண்ணுல பட்டத தின்னாம போவுமா? வேலிய எல்லாரும் ஒசரமா போடறதுலயே குறியா இருக்காங்க, புள்ளிமான் அஞ்சடிய தாண்டும்தான், ஆனா தாண்டறத விட அடியில சந்து இருந்தா குனிஞ்சி நுழையறதுதான் அதுக்கு வசதி, அதனால கம்பிவலைய தரையோட சேத்து இழுத்து முளையடிங்க. காசு இல்லன்னா பழைய பொடவைய சுத்தி கட்டுங்க, கொஞ்ச நாளைக்கு மெரளும், அப்புறம் பழகிடும், அப்பப்ப எடத்த மாத்திகினே இருக்கணும். முட்டைய தண்ணியில கலக்கி செடி மேல தெளிச்சாலும் அந்த நாத்தத்துக்கு ஒதுங்கும், மழை பேஞ்சா மறுபடி தெளிக்கணும் (ஜன்னல் பக்கம் தெளிக்காதீங்க, நான் பட்டிருக்கேன்).

சமாதிக்கு ரோஜா, செம்பருத்தி வைக்கறது மானுக்கு எலை போட்டு பரிமாறுற மாதிரி. அரளி வைங்க, அது விஷம், மான் தொடாம போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆடு மாடு கட்டுற எடமா இருந்தா மட்டும் அரளி வேணாம். சுத்தி நொச்சியும் ஆடாதொடையும் நட்டுடுங்க, பேரே ஆடு தொடாததுன்னுதான் இருக்கு.

வீட்டுக்காரருக்கு ஒரு சேதி சொல்லுங்க. செங்கம் பக்கம் எடுத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு, பழைய வடாற்காடு ஜில்லாதான் அதுவும். மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7-ஆம் நூற்றாண்டு. மாட்ட காப்பாத்த சண்ட போட்டு செத்த வீரனுக்கு நட்ட கல்லு, அதுல அவன்கூட நின்னு ரெண்டு திருடனுங்கள கடிச்ச நாயையும் செதுக்கி, கோவிவன்னு அதோட பேரையும் எழுதி வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல நாய்க்கு கல்லே நட்டிருக்காங்க, ரெண்டு பூவுக்கு இவரு சிரிக்கறாரா?

கேள்வி: அமெரிக்கால இருக்கற பொண்ணு வீட்டுக்கு போனப்ப நியூயார்க் பக்கத்துல ஹார்ட்ஸ்டேல்னு நாய் பூனைங்கள பொதைக்கற எடத்துக்கு இட்டுகினு போனா. செருப்பு கழட்டணுமான்னு கூட தெரியல, ஒரு கல்ல படிச்சதும் அழுகையே வந்துடுச்சி, யாரோ வளத்த நாய்க்கு! நான் என்ன லூசா? (வாசகி, காட்பாடி)

பதில்: அந்த எடமே ஒரு ஆப்பிள் தோப்புதாங்க. 1896-ல ஒரு அம்மா செத்துப்போன நாய பொதைக்க எடமில்லாம தவிச்சப்ப, நாய் டாக்டர் சாமுவேல் ஜான்சன் தன் தோப்புலயே பொதைச்சிக்கோங்கன்னு எடம் குடுத்தாரு, அப்புறம் ஒன்னொன்னா சேந்துகினே போச்சு. ஒடுகத்தூர்ல மாமரத்தடி, அங்க ஆப்பிள் தோப்பு. போர்ல வேலை செஞ்ச நாய்ங்களுக்காக 1923-ல வச்ச சிலையும் அங்க இருக்கு, பாத்தீங்களா? பொண்ணுகிட்ட கேளுங்க, இன்னொரு தடவ போலாம். செருப்பு போட்டுக்கலாம், அங்க யாரும் கழட்டறதில்ல. அழுகைக்கு எங்கிட்ட சர்ட்டிஃபிகேட் கேக்காதீங்க, எங்கம்மா வளத்த ஆட்டுக்குட்டி செத்து முப்பது வருஷம் ஆச்சு, பேர சொன்னா எனக்கு இப்பவும் தொண்ட அடைக்கும்.

கேள்வி: தெருநாய்ங்க தொரத்தி ஒரு மான் எங்க கொல்லையில வந்து விழுந்துச்சு. காயம் பெருசா இல்ல. தண்ணி ஊத்துனோம், ஊரே வந்து செல்ஃபி எடுத்துச்சி, ஃபாரஸ்ட்காரங்க வரதுக்குள்ள செத்துடுச்சி. ஏன்? (வாசகர், குடியாத்தம்)

பதில்: பயத்துலதான். உயிர் பயத்துல ஓடி ஓடி பிடிபட்ட மான் காயமே இல்லன்னாலும் செத்துடும், கூட்டமும் சத்தமும் சேந்தா கேக்கவே வேணாம். அடுத்த தடவ ஒரு துண்ட போட்டு கண்ண மூடுங்க, ஆளுங்கள வெரட்டுங்க, நாய்ங்கள கட்டிப்போட்டு ஃபாரஸ்ட் ஆபீஸுக்கு போன் போடுங்க. வாயில தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, பொற ஏறிடும். அப்புறம் கொம்பு கிம்பு ஏதாவது கொல்லையில கெடந்து எடுத்து வச்சிருந்தீங்கன்னா அதையும் அவங்ககிட்டயே குடுத்துடுங்க, வீட்ல மாட்டி வச்சா அதுவும் கேஸ்தான்.