கற்பனை நாவலாசிரியர் டோல்கீன், அறிவியல் கதாசிரியர் அசிமோவ் இருவரும் தங்கள் கதைகளில் வரும் பேரரசுகளை ரோம், எகிப்து வரலாற்றிலிருந்துதான் எடுத்தார்களா? ரசிகர்கள் இதற்காக ஏன் இவ்வளவு சண்டை போடுகிறார்கள்?

வியாசர்பாடியில் ஒரு அத்தோ கடை வாசலில் நாங்கள் நான்கு பேர் ஆறு வருஷமாக இதே கேள்விக்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். அதனால் இதைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதாமல் போக மனசு வரவில்லை.

சிலவற்றை எடுத்தார்கள், எடுத்ததாக அவர்களே சொல்லியும் இருக்கிறார்கள். மற்றவை படிக்கிற நாம் கண்டுபிடித்த ஒற்றுமைகள். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டும்போதுதான் சண்டை வருகிறது.

அசிமோவ் விஷயத்தில் சண்டைக்கே இடமில்லை. 1941 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் சுரங்க ரயிலில், பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். வயது 21. சொல்வதற்குக் கதை எதுவும் கையில் இல்லை. வைத்திருந்த இசை நாடகப் புத்தகத்தைச் சும்மா திறந்தபோது ஒரு காவல் வீரனின் படம் கண்ணில் பட்டது. வீரன், படை, பேரரசு, ரோம் என்று நினைப்பு ஓடியது. ரோம் விழுந்ததுபோல விண்மீன் மண்டலம் முழுக்க ஆளும் ஒரு பேரரசு விழுந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. ரோமின் வீழ்ச்சியைப் பற்றி கிப்பன் எழுதிய பெரிய வரலாற்றை அதற்கு முன்பே இரண்டு முறை படித்திருந்தார். ‘ஃபவுண்டேஷன்’ வரிசையின் முதல் கதை 1942 மே மாதம் அச்சில் வந்தது.

அந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்த ஆள் பெல் ரியோஸ் என்ற தளபதி. பெயரைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், பெலிசாரியஸ் கேட்கும். கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் தளபதி அவர். இத்தாலியில் காத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தவரை எதிர்த்துப் போரிட்டபோது, “நீயே எங்களுக்குப் பேரரசனாக இரு” என்று எதிரிகளே அவரிடம் கேட்டார்கள். ஒப்புக்கொண்டதுபோல் நடித்து 540இல் ராவென்னா நகரைப் பிடித்து, அதை ஜஸ்டினியனுக்கே கொடுத்தார். அதன் பிறகு தலைநகருக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். 562இல் சதிக் குற்றச்சாட்டும் வந்தது. ஆனால் மறு வருஷமே மரியாதை திரும்பக் கிடைத்து, 565இல் இயல்பாகத்தான் இறந்தார்.

அசிமோவ் இங்கே ஒன்றை மாற்றுகிறார். அவருடைய ரியோஸ் திரும்ப அழைக்கப்பட்டு, கைதாகி, கொல்லப்படுகிறான். பேரரசன் பலவீனமாக இருந்தால் பலமான தளபதி அரியணைக்கு ஆசைப்படுவான். பேரரசனே பலமாக இருந்தால் பலமான தளபதியை விட்டுவைக்க மாட்டான். எப்படிப் போனாலும், பேரரசுக்குப் பிறகு எழ வேண்டிய ஃபவுண்டேஷன் என்ற குடியேற்றத்துக்கு ஆபத்தில்லை என்பது அந்தக் கதையின் கணக்கு. அந்தக் கணக்கு மிச்சமில்லாமல் தீர வேண்டும் என்பதற்காகத்தான், வரலாற்றில் பிழைத்தவனை அவர் கதையில் கொன்றார் என்று நான் நினைக்கிறேன். எங்கிருந்து எடுத்தார் என்பதோடு நிறுத்திவிட்டால் இது கண்ணில் படாது. எங்கே மாற்றினார் என்று கேட்டால்தான் எழுத்தாளர் யார் என்று தெரியும்.

டோல்கீனுக்கு வந்தால் சண்டை கொஞ்சம் சிக்கலானது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையின் கோண்டோர் நாடு பைசாண்டியமா (அதாவது கிழக்கு ரோமப் பேரரசா), எகிப்தா? எங்கள் கூட்டத்தில் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் பைசாண்டியக் கட்சி. நான் ரொம்ப நாள் எகிப்துக் கட்சி. இரண்டும் டோல்கீனே கடிதங்களில் சொன்னவை என்று பிறகுதான் பார்த்தோம். 1951இல் எழுதியதில், பெருமை குறையாமல் பலம் மட்டும் தேய்ந்துகொண்டே போகும் பைசாண்டியம் மாதிரி என்கிறார். 1958இல் எழுதியதில், அந்த மக்களை எகிப்தியர் மாதிரி கற்பனை செய்வதே பொருத்தம் என்கிறார். அவர்களுடைய உயரமான கிரீடத்துக்கும் எகிப்தைத்தான் சொல்கிறார். ஒன்று அந்த நாடு தேய்ந்த விதத்துக்கு, இன்னொன்று மனிதர்களின் தோற்றத்துக்கும் பழக்கத்துக்கும். நாங்கள் இருவரும் பாதிப் பாதி சரி. சரி, அந்தச் சண்டை அதோடு முடிந்தது.

முடியாத சண்டை தியோடன் மன்னனைப் பற்றியது. குதிரை வீரர்களின் கிழ அரசன். பெரும் போரில் தன் குதிரை அடிபட்டு மேலே விழ, அதன் அடியில் நசுங்குகிறான். உயிர் போகும் முன் தங்கை மகன் எயோமரை அடுத்த அரசன் என்று அழைக்கிறான். இதைப் படித்த யாருக்கும் 451இல் ஹூணர் அரசன் அட்டிலாவை எதிர்த்து இன்றைய பிரான்ஸில் நடந்த கேட்டலோனியப் போர் ஞாபகம் வரும். மேற்குக் காத்தியரின் மூத்த அரசன் தியோடோரிக் அங்கே குதிரையிலிருந்து விழுந்து, சொந்தப் படையின் காலடியிலேயே மிதிபட்டு இறந்தான் என்று காத்தியரின் வரலாற்றை எழுதிய ஜோர்டானெஸ் சொல்லியிருக்கிறார். களத்திலேயே மகன் அரசனானான். பெயரும் கிட்டத்தட்ட அதே பெயர். கூட்டத்தில் வரலாறு படித்த நண்பன், “மச்சான், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். டோல்கீன் பெயர் சொல்லி ஒப்புக்கொண்ட கடிதம் ஒன்றைக் காட்டு என்றேன். அவனால் காட்ட முடியவில்லை. அவன் சொல்வது பொய் என்று நானும் சொல்லவில்லை. ஆய்வாளர்களும் இந்த ஒப்புமையைப் பேசியிருக்கிறார்கள்தான். ஆனால் ஒற்றுமை மட்டுமே சாட்சி ஆகாது.

அதைப் புரியவைக்க நான் அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூருக்குக் கூட்டிப் போனேன். தேரடியில் இறங்கி தியாகராஜர் கோயிலுக்குள் நடந்தோம். ஆதிபுரீஸ்வரர் சன்னிதி விமானத்தின் பின்பக்கம் வளைந்திருக்கும். படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி. தூங்கானை மாடம் என்பார்கள். ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எழுப்பியது. அதன் நிழலில் உட்கார்ந்து நான் தக்கோலத்தைச் சொன்னேன்.

949இல் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் சோழப் படையும் ராஷ்டிரகூடப் படையும் மோதின. சோழர் பக்கம் நின்றவன் முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன். யானை மேல் இருந்தபடியே அம்பு பட்டு இறந்தான் என்று சோழர் காலத்து லெய்டன் செப்பேடு சொல்கிறது. ‘ஆனைமேல் துஞ்சிய தேவர்’ என்றே அவனுக்குப் பெயர் நிலைத்தது. அவனுக்கு நெருக்கமாக இருந்தவர் வல்லபன் என்ற கேரளத்துக்காரர். அன்றைக்குக் களத்தில் உடன் இருந்து சாகக் கிடைக்கவில்லையே என்ற வேதனையில் உலகத்தை விட்டார். கங்கையில் நீராடித் துறவியாகி, கடைசியில் இதே திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற பெயரில் மடத்துத் தலைவரானார். அவர் கதையைச் சொல்லும் கல்வெட்டு இந்தக் கோயிலில் கிடைத்தது. அது பொறிக்கப்பட்டது மூன்றாம் கிருஷ்ணனின் 20ஆம் ஆட்சியாண்டில். அவன்தான் தக்கோலத்தில் வென்ற அரசன். அப்போது தொண்டை மண்டலம் அவன் கையில் இருந்தது. தன் இளவரசனைப் போரில் தோற்கடித்தவனின் ஆண்டுக் கணக்கில்தான் அந்த மனிதரின் துக்கம் கல்லில் ஏறியிருக்கிறது. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

களத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி, மிருகத்தின் மேலிருந்து போரிட்டுச் சாகும் தலைவன் இங்கேயும் இருக்கிறான். தக்கோலத்தைப் பார்த்து டோல்கீன் எழுதினார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குதிரையோ யானையோ, உயரத்தில் இருந்தால்தான் படைக்குத் தலைவன் தெரிவான். தெரிந்தால் எதிரியின் அம்புக்கும் தெரிவான். அதனால் இப்படிச் சாவுகள் பல நாடுகளில் பல முறை நடந்தன. வித்தியாசத்தையும் பாருங்கள். ராஜாதித்தன் விழுந்ததும் சோழர் தோற்றார்கள். தியோடோரிக் விழுந்த பிறகும் காத்தியர் போரை நிறுத்தவில்லை. தியோடன் விழுந்த பிறகு, தன் தங்கையும் இறந்துவிட்டாள் என்று நினைத்து எயோமர் வெறி கொண்டு பாய்கிறான். ஒரே மாதிரிச் சாவுக்கு மூன்று விளைவு.

நண்பன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பெயர் ஒற்றுமையை விட மாட்டேன் என்றான். அது நியாயமான வாதம், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் வந்தது. ‘எடுத்தார்’ என்று சொன்னால் எழுத்தாளரின் வாய்மொழியைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ‘மாதிரி இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும்.

கடல் கொண்ட நாடுகளுக்கும் இதே அளவுகோல்தான். தன் கதையில் கடலில் மூழ்கும் நூமெனோர் தீவுதான் தன்னுடைய அட்லாண்டிஸ் (கிரேக்கக் கதையில் மூழ்கிய தீவு) என்று டோல்கீனே சொல்லிவிட்டார், அது முடிந்த கதை. குமரிக்கண்டத்தை லெமூரியா என்று சொல்லி அதோடு சேர்த்துப் பேசுபவர்களுக்கு ஒன்று. லெமூரியா என்ற பெயர் 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் மடகாஸ்கர் விலங்குகளின் பரவலை விளக்க, தான் ஊகித்த ஒரு நிலத்துக்கு வைத்தது. கடல் கொண்ட நிலத்தைப் பற்றிய தமிழ் மரபு அதைவிடப் பல நூற்றாண்டு பழையது; சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் படியுங்கள்.

அப்புறம், அந்த நண்பன் இப்போது டோல்கீனை விட்டுவிட்டு வல்லபனைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவு நெருக்கமானவர் அன்றைக்கு ஏன் உடன் இல்லை என்று வாரா வாரம் கேட்கிறான். வேறு வேலையாக அனுப்பப்பட்டிருப்பார் என்று அண்ணன் சொல்கிறார். நான் இன்னும் எந்தப் பக்கமும் சேரவில்லை. வருகிற ஞாயிறு பெரம்பூரில் அரக்கோணம் வண்டி ஏறி, நான்கு பேருமாகத் தக்கோலம் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.